கொழும்புக்குச் சாமான் வாங்கப் போறீங்களா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். லைனிங் துணி, சிப், ஊக்கு, லேஸ் வாங்க மாதம் ஒரு தடவையாவது கொழும்புக்குப் போய் வருவேன். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு சொல்லி முடித்த கையோடு கேட்பது, "அக்கா, கொழும்பில இது எங்க வாங்கலாம்?" என்பதைத்தான். கலியாண வீட்டார், புது வீடு கட்டுகிறவர்கள், நெல்லுக் காசு கைக்கு வந்தவர்கள் என்று ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

இதெல்லாம் வாங்கக் கொழும்புக்குத்தான் போகோணுமா? இஞ்ச கிடைக்காதா?

பாதிக்கு மேல் இங்கேயே கிடைக்கும். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 330 கிலோமீற்றர், வவுனியாவிலிருந்து 250க்குச் சற்று மேல். இரண்டு பேர் போய்வரும் பஸ் காசு, மூன்று வேளைச் சாப்பாடு, ஓட்டோக் கூலி, வேலைக்குப் போகாத நாளின் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, வாங்கப் போகும் சாமான் பட்டியலின் அடியில் எழுதுங்கள். கொழும்பில் மிஞ்சும் காசு அந்தத் தொகையைத் தாண்டாவிட்டால் பயணம் நட்டம்.

பாத்திரம், பாய், பிளாஸ்டிக் கதிரை, பள்ளிக்கூட உடுப்பு, மின்விசிறி போன்றவற்றுக்கு வவுனியாக் கடைத்தெருவே போதும். பத்துப் பதினைந்து பேருக்குச் சேர்த்து எடுக்கும் கலியாண உடுப்பு, கடைக்கு மொத்தமாக எடுக்கும் சாமான், இங்கே தேடிக் கிடைக்காத வாகனப் பாகம், கணினி, இவற்றுக்குக் கொழும்பு போவது சரி. ஒரே ஒரு சீலைக்காகப் போக வேண்டாம் என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன்.

எந்த நாள் போனால் நல்லம்?

செவ்வாய், புதன், வியாழன். ஞாயிற்றுக்கிழமையும் போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்திலும் கொழும்பின் பெரிய கடைத்தெருவான புறக்கோட்டையில் மொத்தக் கடைகளில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும், நடைபாதைக் கடைகள்தான் மிஞ்சும். வெள்ளிக்கிழமை போனால், முஸ்லிம் வியாபாரிகள் நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள் என்பதை நினைவில் வைத்திருங்கள். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டால் வீணாகாது.

சித்திரை வருடப் பிறப்பு, தீபாவளி, நத்தார் ஆகியவற்றுக்கு முந்திய வாரங்களில் நடக்கக்கூட இடமிராது. விலை பேசவும் கடைக்காரருக்கு நேரமில்லை. வருடப் பிறப்பு முடிந்த உடனேயும் போகாதீர்கள், பல கடைகள் சில நாட்களுக்குத் திறப்பதில்லை.

பஸ்ஸா, றெயினா?

போகும்போது எதுவும் சரி. றெயின் கோட்டை நிலையத்தில் விடும். பெயர் கோட்டை என்றாலும், வெளியே வந்து வீதியைக் கடந்தால் புறக்கோட்டைதான். ஆனால் வடக்குப் பாதை திருத்த வேலைக்காக 2023இலும் 2024இலும் மாதக்கணக்கில் சில பகுதிகளில் மூடப்பட்டது. நேரமும் அடிக்கடி மாறும். ஆகவே போவதற்கு முதல் நாள் பக்கத்து நிலையத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

திரும்பும்போது பொதிகள் இருப்பதால் பஸ் வசதி. யாழ்ப்பாணம் போகும் தனியார் இரவு பஸ்களில் பல வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டுப் புறக்கோட்டை வழியாக வரும். இருக்கை பதியும்போதே எத்தனை பொதி என்று சொல்லிவிடுங்கள். எங்கே இறங்குவது என்பதை நடத்துனரிடம் ஏறும்போது ஒருமுறை, வவுனியா வரும்போது ஒருமுறை சொல்லுங்கள். கிளிநொச்சி வருவது நல்ல நித்திரை நேரத்தில், கண் அயர்ந்தால் யாழ்ப்பாணத்தில்தான் எழும்புவீர்கள். முல்லைத்தீவுக்காரர் மாங்குளத்திலோ பரந்தனிலோ இறங்குவதாக இருந்தால், அந்த நேரத்தில் ஏற்றிப்போக வீட்டிலிருந்து ஒருவர் வர ஒழுங்கு செய்யுங்கள்.

விடிய நாலு மணிக்கே பஸ் இறக்கி விட்டிடும். கடை திறக்கும் வரைக்கும் என்ன செய்யிறது?

உடுப்பு, மின்சாதனக் கடைகள் திறக்க ஒன்பது, ஒன்பதரை ஆகும். அதுவரை காசோடு இருட்டில் ஒழுங்கைகளில் திரியாதீர்கள். கோட்டை நிலையத்தில் இருந்து முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, வெளிச்சம் வந்தபின் வெளியே வாருங்கள். நான் விடிந்ததும் செட்டியார் தெருக் கதிரேசன் கோயில் பக்கம் நடந்து, கும்பிட்டுவிட்டு அங்கேயே சைவக் கடையில் காலைச் சாப்பாட்டை முடிப்பேன். மளிகை மொத்தக் கடைகள் முதலில் திறக்கும் என்பதால் பலசரக்கு வாங்குகிறவர்கள் அதை இந்த நேரத்தில் பார்க்கலாம்.

புறக்கோட்டையில எந்தத் தெருவில என்ன இருக்கு? தலை சுத்துது அக்கா.

முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வியாபாரம் என்று பிடித்துக்கொண்டால் சுலபம். நிலையத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து உள்ளே போனால் முதலாம் குறுக்குத் தெரு: மின்சாதனம், வயர், வானொலி, மணிக்கூடு. இரண்டாம் குறுக்குத் தெருவிலும் மூன்றாம் குறுக்குத் தெருவிலும் துணி. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஜாமிஉல் அஃபார் பள்ளிவாசல் இருக்கிறது. கூட வந்தவரைத் தவறவிட்டால் சந்திக்கும் இடமாக அதையே சொல்லி வைப்பேன், கேட்டால் காட்டாதவர் இல்லை. நான்காம் குறுக்குத் தெரு பலசரக்குக்கு: செத்தல் மிளகாய், பருப்பு, சீனி, வெங்காயம் எல்லாம் மூட்டைக் கணக்கில். இந்தத் தெருக்களை எல்லாம் குறுக்கே வெட்டிப் போவது பிரதான வீதி, அதிலும் உடுப்புக் கடைகள் நிறைய.

கெய்சர் வீதியில் விளையாட்டுச் சாமான், வீட்டுப் பாவனைச் சாமான், பிறந்தநாள் அலங்காரம். மலிபன் வீதியில் கொப்பி, கடதாசி, எழுதுபொருள். கபோஸ் ஒழுங்கை நாட்டு மருந்துச் சரக்குக்கு, கடுக்காய், திப்பிலி என்று வாசனையே வழி காட்டும். லேஸ், மணி, பட்டன் வாங்க நான் போவது பாங்ஷால் வீதி. வீடு கட்டுகிறவர்கள் சற்று நடந்து பழைய சோனகத் தெருவுக்குப் போக வேண்டும். பூட்டு, பிணைச்சல், பெயின்ற், குழாய் என்று இரும்புக் கடைகள் வரிசையாக இருக்கும். நகைக்குச் செட்டியார் தெரு. ஒரு தெருவில் ஒரே சாமான் விற்கும் இருபது கடை இருப்பதுதான் வாங்குகிறவருக்கு நன்மை. குறைந்தது மூன்று கடையிலாவது விலை கேட்காமல் காசை வெளியே எடுக்காதீர்கள்.

வயதானவர்கள் இன்னும் மெனிங் சந்தையைக் கேட்டு வருகிறார்கள். மரக்கறி, பழ மொத்த வியாபாரம் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாறிவிட்டது.

வெள்ளவத்தையில எல்லாரும் தமிழ்தானே, அங்கயே வாங்கினால் என்ன?

நிம்மதியாக வாங்கலாம். காலி வீதி நெடுகச் சீலைக் கடை, தையல் கடை, பூசைச் சாமான், தமிழ்ப் புத்தகம் எல்லாம் உண்டு. தங்கும் விடுதிகளும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையிலும் பல கடைகள் திறந்திருக்கும். ஆனால் அது சில்லறை விலை. ஒரு சீலை, இரண்டு சட்டை என்றால் வித்தியாசம் பெரிதில்லை. கலியாணத்துக்குக் கட்டுக் கட்டாக எடுப்பதென்றால் புறக்கோட்டைதான் கட்டுப்படியாகும்.

புறக்கோட்டையிலிருந்து போக 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் காலி வீதியால் போகும். எனக்குப் பிடித்தது கோட்டையிலிருந்து கரையோர றெயின். கடலை ஒட்டியே ஓடும். நெரிசல் நேரம் தவிர்த்துப் போனால் வெள்ளவத்தை போய்ச்சேரும் முன்பே களைப்பு இறங்கிவிடும்.

விலை பேசலாமா? பேசினால் ஏசுவாங்களோ?

நடைபாதையிலும் குறுக்குத் தெருச் சின்னக் கடைகளிலும் பேசத்தான் வேண்டும். விலைச்சீட்டு ஒட்டிய பெரிய உடுப்புக் கடைகளில் பேசிப் பயனில்லை. மொத்தக் கடைகளில் "எத்தனை எடுத்தால் என்ன விலை?" என்று கேளுங்கள். ஆறு, பன்னிரண்டு என்று போகும்போது விலை இறங்கும். பக்கத்து வீட்டார் இரண்டு பேரைச் சேர்த்து டசின் கணக்கில் எடுத்துப் பிரித்துக்கொள்வது எங்கள் ஒழுங்கையில் வழக்கமாகிவிட்டது.

விலை கேட்டுவிட்டு வாங்காமல் வெளியே வருவது குற்றமில்லை. எங்கள் பெண்கள் பலர் கடைக்காரர் நாலு சீலையை விரித்துவிட்டார் என்பதற்காகவே பிடிக்காத சீலையை வாங்கி வந்திருக்கிறார்கள். அது வெயிலில் நின்று உழைத்த காசு. "பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வராது. சமாளிக்கலாமா?

புறக்கோட்டையில் தமிழரும் முஸ்லிம்களும் நடத்தும் கடைகள் ஏராளம், தமிழிலேயே வாங்கலாம். ஓட்டோவுக்கும் வேறு இடங்களுக்கும் சில சொற்கள் போதும்: கீயத என்றால் எவ்வளவு, அடு கரன்ன என்றால் குறைத்துத் தாருங்கள், எப்பா என்றால் வேண்டாம், பில் எக தென்ன என்றால் பில்லைத் தாருங்கள். எண்களைக் கைபேசியில் தட்டிக் காட்டினால் எந்த மொழியிலும் பிழை வராது.

அம்மாவையும் கூட்டிப் போறன். கழிவறைக்கு எங்க போறது?

இதைப் பெண்கள் மெதுவாகக் காதோடு கேட்பார்கள், எல்லாருக்கும் தேவையான கேள்வி. கோட்டை நிலையத்தில் உண்டு. குறுக்குத் தெருக்களுக்குள் தேடுவது கஷ்டம், ஆகவே உள்ளே போகும் முன்பே போய்விடுங்கள். நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களை வெள்ளவத்தைக்கோ பெரிய கடைத்தொகுதிக்கோ கூட்டிப் போவது நல்லது. கழிவறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கலியாண உடுப்புக்குப் போறம். என்ன கவனிக்கோணும்?

தையற்காரியாகச் சொல்கிறேன். கூறையை முதலில் எடுங்கள், மற்ற எல்லா நிறமும் அதைப் பார்த்து வரட்டும். கடை வெளிச்சத்தில் அரக்கும் மெரூனும் ஒன்று போலத் தெரியும். சீலையை வாசலுக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கேளுங்கள். பிளவுஸ் துணி சேர்ந்திருக்கிறதா, அதற்குள் கரை வருகிறதா என்று விரித்தே பார்க்க வேண்டும். சீலை கட்டும் நீளம் ஐந்தரை மீற்றர் அளவில் இருக்க, பிளவுஸ் துணி அதற்கு மேலே வர வேண்டும். பிளவுஸையும் சேர்த்தே ஐந்தரை என்றால், வெட்டிய பிறகு கொசுவம் காணாது.

வெட்டுத் துணி வாங்கும்போது விலை யாருக்கா மீற்றருக்கா என்று கேளுங்கள். பத்து யார் என்பது 9.14 மீற்றர்தான். அந்த 86 சென்ரிமீற்றர் ஒரு பிளவுஸ் துணி. தோழிப் பெண்களுக்கு ஒரே நிறத்தில் எடுக்கிறவர்கள் ஒரே கட்டிலிருந்து வெட்டி வாங்குங்கள், கட்டு மாறினால் சாயம் மாறும். பிறகு என்னிடம் கொண்டு வந்து அழுதாலும் என்னால் சரிசெய்ய முடியாது.

நகை செட்டியார் தெருவில எடுக்கிறதா, யாழ்ப்பாணத்திலயா?

தாலிக்கொடி என்றால் பொன்னுருக்கு (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு) இருக்கிறதே, ஊருக்குக் கிட்ட உங்களுக்குத் தெரிந்த ஆசாரியிடம் கொடுப்பதுதான் என் விருப்பம். சங்கிலி, காப்பு, தோடு என்றால் செட்டியார் தெருவில் தெரிவு அதிகம், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலும் குறைவில்லை. இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியது ஒன்றே: இன்றைய பவுண் விலை, செய்கூலி, சேதாரம். ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். பலகையில் தங்க விலை ஒன்றாக இருந்தாலும் செய்கூலியும் சேதாரமும் கடைக்குக் கடை மாறும், மொத்தத் தொகையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்தார்களா என்று பாருங்கள். 20 கிராம் நகையில் 2 கிராம் கல் என்றால் 18 கிராமுக்குத்தான் தங்க விலை. பில்லில் கரட், மொத்த எடை, கல் எடை, செய்கூலி நான்கும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். நகை வாங்கும் நாளில் வேறெதுவும் வாங்க வேண்டாம். கடைசியாக அதை வாங்கி நேரே வீட்டுக்குப் புறப்படுங்கள்.

மகனுக்கு ஃபோனும் லப்டொப்பும். எங்க?

கணினிக்குப் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசா. ஒரே கட்டடத்தில் பல கடைகள், விலை ஒப்பிடலாம். ஃபோனுக்குக் கொள்ளுப்பிட்டி லிபேர்ட்டி பிளாசாவும் புறக்கோட்டையும். ஃபோனைக் கையில் வாங்கியதும் ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் என்று அழுத்துங்கள், 15 இலக்க எண் வரும். பெட்டியில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஐஎம்ஈஐ என்று தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பதில் வந்தபின் காசைக் கொடுங்கள்.

உத்தரவாதச் சீட்டில் கடை முத்திரையும் திகதியும் விழுந்திருக்க வேண்டும். பழுதானால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பார்க்கும் முகவர் உண்டா என்றும் கேளுங்கள். நான் ஒரு கிரைண்டரை முத்திரை இல்லாத சீட்டோடு கொண்டு வந்தேன். இரண்டு கிழமையில் நின்றது. திரும்பக் கொண்டுபோனபோது தங்கள் கடையில் வாங்கியதே இல்லை என்றார்கள். மிச்சம் பிடித்த காசு பஸ்ஸுக்கே போய்விட்டது.

லான்ட்மாஸ்டருக்குச் சாமான் தேடுறம்.

லான்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு மெசினுக்கும் மற்ற வாகனப் பாகங்களுக்கும் மருதானைக்குக் கிட்ட இருக்கும் பஞ்சிகாவத்தை. புதியதும் பாவித்ததும் கிடைக்கும். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள், எஞ்சின் இலக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். வாய்ச்சொல்லில் விளங்கப்படுத்தி வாங்கி வந்த பாகம் பொருந்தாமல், விதைப்பு நேரத்தில் மெசின் நின்றுபோன வீடுகள் உண்டு.

காசாகக் கொண்டு போறதா, கார்டா?

இரண்டும். மொத்தக் கடைகளிலும் நடைபாதையிலும் காசுதான். பெருந்தொகையை ஊரிலிருந்து சுமக்காமல் அங்கே வங்கி இயந்திரத்தில் பகல் நேரத்தில் எடுங்கள், நாளுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற எல்லையை உங்கள் வங்கியில் முதலே கேட்டு வையுங்கள். கார்ட் கொடுத்தால் நூற்றுக்கு இரண்டு மூன்று கூடுதலாகக் கேட்கும் கடைகள் இருக்கின்றன. அப்படி அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது, மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

"நானும் வன்னிதான்" எண்டு ஒருத்தர் கதைச்சுக் கடைக்குக் கூட்டிப் போனார். நம்பலாமா?

ஊர்ப் பெயரைக் கேட்டதும் எங்களுக்கு மனம் இளகிவிடும். பழகுவதில் பிழையில்லை, ஆனால் அவர் பின்னால் கடைக்குப் போகாதீர்கள். கூட்டி வருகிறவருக்குக் கடைக்காரர் கொடுக்கும் கொமிசன் உங்கள் விலையில்தான் ஏறும். நிலைய வாசலில் தாமாக வந்து பொதி தூக்குகிறவர், மலிவாகக் கல்லோ ஃபோனோ காட்டுகிறவர் எல்லாருக்கும் மேலே சொன்ன "எப்பா" போதும். நெரிசலில் கைப்பை முன்பக்கம் இருக்கட்டும். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விடுங்கள்.

சாமான் கூடிப் போச்சு. எப்பிடிக் கொண்டு வாறது?

புறக்கோட்டையில் கைவண்டி தள்ளுகிற நாட்டாமிமார் இருக்கிறார்கள். கூலியை முதலே பேசி, வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வாருங்கள். வண்டி வரும்போது வழிவிடுங்கள், பாரத்தோடு அவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது. அந்த வெயிலில் உழைக்கிற மனிதர்களிடம் ஐம்பது ரூபாவுக்காக நான் இழுபறிப்படுவதில்லை.

கூடுதலாக இருந்தால் வடக்குக்குப் போகும் லொறியில் போடலாம். எந்த லொறி என்று மொத்தக் கடைக்காரரிடமே கேளுங்கள். ஒவ்வொரு பொதியிலும் பெயர், ஊர், தொலைபேசி இலக்கத்தைத் தடித்த பேனையால் இரண்டு பக்கமும் எழுதி, பொதி எண்ணிக்கை போட்ட துண்டு வாங்குங்கள். உடையும் சாமானையும் நகையையும் அதில் போடாதீர்கள்.

கனடாவில இருந்து மச்சாள் வாறா. அவவைப் புறக்கோட்டைக்குக் கூட்டிப் போகலாமா?

கூட்டத்தில் நடக்கக்கூடியவர் என்றால் தாராளமாக. குளிரூட்டிய இடம் வேண்டும் என்றால் 2019இல் திறந்த வன் கோல் ஃபேஸ், பம்பலப்பிட்டி மஜெஸ்ரிக் சிற்றி. கைவினைப் பொருளுக்கு அரசாங்கத்தின் லக்சல. பனையோலைப் பெட்டி, பனங்கட்டி மட்டும் அங்கே தேட வேண்டாம். அவை எங்கள் ஊரில் முடைந்ததும் காய்ச்சியதும், இங்கேயே எங்கள் பெண்களிடம் வாங்கிக் கொடுங்கள்.

பற்றரி, சவுக்காரம் எல்லாம் கூட வாங்கி வரட்டோ? அடையாள அட்டை காட்டோணுமோ?

இதைக் கேட்பது பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டிய அம்மாமார். 1990களில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை. பற்றரி, மண்ணெண்ணெய், சீமெந்து, பசளை எதுவும் வராது. சோதனைச் சாவடியில் இறங்கி, பொதியைப் பிரித்துக் காட்டி, நடந்து போய் மற்றப் பக்கம் ஏறிய காலம் அவர்கள் உடம்பிலிருந்து போகவில்லை. அம்மா, இப்போது பற்றரி உங்கள் சந்திக் கடையிலேயே இருக்கிறது. ஆனாலும் அடையாள அட்டையை மட்டும் கையில் வைத்திருங்கள், விடுதியில் அறை எடுக்கவும் அது வேண்டும்.

வீட்ட கொண்டு வந்து பார்த்தால் பழுது. திருப்பிக் கொடுக்கேலுமோ?

முதலில் பில். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. பொதியில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் வாங்கவும் கூடாது. பழுது கண்ட அன்றே படம் எடுத்து, கடைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் பலர் அடுத்த தடவை மாற்றித் தருவார், எனக்கு லைனிங் துணியைக் கட்டோடு மாற்றித் தந்திருக்கிறார்கள்.

மறுத்தால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதை எங்கே ஒப்படைப்பது என்று உங்கள் மாவட்டச் செயலகத்தில் விசாரியுங்கள், அதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. பில்லின் மை சில மாதத்தில் அழிந்துவிடும். பஸ்ஸில் ஏறி இருந்ததும் எல்லாப் பில்லையும் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள்.